பிள்ளை யாருக்கு

ஆனைக்கரடு தொகுதி எம்புட்டுப் பெருசு என்றால், மேற்கே மலையடிவாரத்து ஊரில் மோர் குடித்துவிட்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினவன் கிழக்கே உப்பளத்து ஊருக்கு வந்து சேர்கிறபோது அவன் சவரம் பண்ணின முகத்தில் தாடி முளைத்திருக்கும். இருநூத்திச் சொச்சம் ஊர், ஒரே ஒரு ஆறு, அந்த ஆற்றிலும் மணல்தான். அந்தத் தொகுதியில் முதல்முதலாக ஓட்டு எண்ணிய அன்றைக்கு, தாலுகா கச்சேரியில், அரக்கு முத்திரை உடையாமல் வந்த ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஓட்டுச்சீட்டுகளை மெத்தையாக்கி ஒரு பெண்பிள்ளை படுத்திருந்தது. தொப்புள் காய்ந்திருந்தது. கைக்குள் ஒரு கூழாங்கல்லை மூடி வைத்திருந்தது. குமாஸ்தாக்கள் அதைத் தூக்கிக் கீழே கிடத்திவிட்டு, அடியில் நனைந்திருந்த சீட்டுகளை வெயிலில் உலர்த்தி எண்ணினார்கள். நனைந்த சீட்டு செல்லுமா செல்லாதா என்பதில்தான் அன்றைக்கு வாக்குவாதம் வந்ததே தவிர, பிள்ளை எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எப்படி வந்தது என்று ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் கரட்டுப்பட்டி ராமுத்தாய், கிணறு வெட்டுகிற பொன்னுமாடன் பெண்சாதி, கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் வயிறு திறக்காதவள். அந்தக் காலத்தில் நிற்கிற ஆளுக்கொரு பெட்டி. பள்ளிக்கூடத்துக்குள் சாக்குப் படுதா கட்டி, படுதாவுக்குப் பின்னால் மூணு பெட்டியை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை ஒட்டியிருப்பார்கள். இஷ்டப்பட்ட பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியது. ராமுத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். படுதாவுக்குப் பின்னால், தனியாக, யாரோடும் பேசாமல் போய் நில் என்றால் அது சாமி இருக்கிற இடமில்லாமல் வேறு என்ன இடம்? நடுப்பெட்டியில் குதிரை, ஊர் எல்லையில் அய்யனாருக்கு முன்னால் நிற்கிறதும் குதிரைதான். மேலே உண்டியலுக்கு இருக்கிற மாதிரியே வாய். அவளுக்கு முந்திப் போன பெண்கள் அதற்கு மஞ்சள் தடவிப் பூ வைத்திருந்தார்கள். சீட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, கோவில் வேம்பில் கட்டுவதற்காக மடியில் முடிந்து வைத்திருந்த தொட்டிலையும் எடுத்தாள். தொட்டில் என்றால் பெரிசாக ஒன்றும் இல்லை, புருசன் வேட்டியில் கிழித்த ஒரு துண்டு, அதற்குள் பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். அதையும் அந்த வாயில் போட்டு, ஆணோ பெண்ணோ ஒண்ணு குடு, உன் பேரையே வைக்கிறேன் என்று வேண்டி, விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

செய்தி கேட்டு அவள் தாலுகா கச்சேரிக்கு ஓடினாள். பிள்ளை இடுப்பில் சுற்றியிருந்தது தன் புருசன் வேட்டித்துண்டு, கையில் இருந்தது தான் பொறுக்கின கல் என்று சொல்லி, ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். தேர்தல் அதிகாரி நல்ல மனுசன். அவர் கண் கலங்கியதாகக்கூடச் சொல்வார்கள். ஆனாலும் சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யார் பெட்டியில போட்டேன்னு நீ சொல்லப்படாது தாயி. சொன்னா உன் ஓட்டு செல்லாது. ஓட்டே செல்லாதுன்னா அதோட வந்த பிள்ளை எப்படி உன்னுதாகும்? சொல்லாம இருந்தா ஓட்டு செல்லும். ஆனா பிள்ளை உன்னுதுன்னு எனக்குத் தெரியாது."

ராமுத்தாய் அதை மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மூணு தடவையும் அது அப்படியேதான் இருந்தது.

பெட்டிக்குள் இருக்கிறது பெட்டிக்குரிய ஆளுக்கு என்று எழுதி, குதிரைக்கு நின்று ஜெயித்த ஜமீன் வகையறாக்காரர் கையில் பிள்ளையைக் கொடுத்தார்கள். அவர் தன் வீட்டு முகப்பில் வெள்ளிச் சங்கிலித் தொட்டில் போட்டு, வருகிறவன் போகிறவன் பார்க்கட்டும் என்று கிடத்தினார். பெட்டியம்மாள் என்று ஊர்தான் பேர் வைத்தது. ஒரு வருஷம் போயிற்று, ரெண்டு போயிற்று, பிள்ளை வளரவில்லை. குப்புற விழவில்லை, பல் முளைக்கவில்லை. அஞ்சாவது வருஷம் அடுத்த ஓட்டு வந்தது. ஜமீன்காரர் தோற்றார், பஞ்சாலை முதலாளி ஜெயித்தார். ஜெயித்தவர் கேட்டார், ஜீப்பு எனக்கு, ஆபீஸ் எனக்கு, பிள்ளை மட்டும் அவருக்கா என்று. நியாயந்தான் என்று எல்லாருக்கும் பட்டது. பிள்ளையைக் கச்சேரிக்குத் தூக்கி வந்து மேசையடியில் கிடத்தினார்கள். அங்கே, கடைசிக் கணக்கை எழுதி முடிக்கிற நேரத்துக்குள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது குப்புற விழுந்து, தவழ்ந்து, மேசைக்காலைப் பிடித்து எழுந்து நின்றது. ஒரு ஓட்டுக்கு ஒரு வயசு என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. அதற்கு அடுத்த ஓட்டிலிருந்து, வளர்ந்த பிறகு போட ஒரு பெரிய கவுனையும் சேர்த்துக் கொண்டு வரப் பழகிக்கொண்டார்கள்.

தொகுதி இதைத் தன் வழக்கத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட விதந்தான் விதம். ரெண்டாவது ஓட்டிலேயே பிள்ளை இல்லாத பெண்கள் இருநூறு ஊரிலிருந்தும் கல்லும் துணியுமாக வந்து பெட்டியில் போட்டார்கள். பெட்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. திறந்தால் கல்தான் இருந்தது. அதற்கப்புறம் வாசலில் 'தொட்டில் போடக்கூடாது' என்று எழுதி ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். எவன் ஜெயித்தான் என்று கேட்கிற பேச்சே அந்த மண்ணில் போய்விட்டது. "பிள்ளை யாருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கட்சிக்காரன் தந்தி அடித்தாலும் 'பிள்ளை நமக்கு' என்று அடிப்பான். ரோடு போடு, தண்ணி விடு என்று எந்த எம்.எல்.ஏ.விடம் போய் நின்றாலும் ஒரே பதில்தான் வரும்: ஓட்டுப்பெட்டியிலிருந்து வேற எந்தத் தொகுதிக்காரனுக்கய்யா ஏதாவது கிடைச்சிருக்கு, உங்களுக்குத்தான் ஒரு பிள்ளையே கிடைச்சாச்சே, இன்னும் என்ன? ஜனங்களும் அது சரிதான் என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்துவிடுவார்கள்.

ராமுத்தாய் அந்த ரெண்டாவது ஓட்டு எண்ணிக்கையைக் கச்சேரி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். ஏட்டு வந்து தள்ளிவிட்டார். ஜன்னலை விட்டு இறங்கினவள், உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கலாம் ஏட்டய்யா என்று கேட்டாள். எண்ணுகிற ஆள் உட்காரலாம், நிற்கிற ஆள் உட்காரலாம், உனக்கென்ன வேலை, போ என்றார் அவர். அவள் போனாள். போகிற வழியில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

மூணாவது ஓட்டிலிருந்து அவள் சுயேச்சையாக நின்றாள். ஒரு ஓட்டு முடிந்ததும் ஒரு குட்டி வாங்கி விடுவாள், அடுத்த ஓட்டுக்குள் அது கிடாயாகிவிடும், அதை விற்று டெபாசிட் கட்டுவாள். ஜெயிக்கத்தான் நின்றாள், இல்லையென்று சொல்ல முடியாது; ஆனால் ஜெயிக்காவிட்டாலும் நின்றவளை வெளியே தள்ள முடியாது. மேசையிலிருந்து நாலு முழத் தூரத்தில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை, பெற்ற பிள்ளைக்கு ஒரு வயசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொடக்கூடாது. சின்னம் கேட்கும்போதெல்லாம் தொட்டில் கேட்டாள். தொட்டில் பட்டியலில் இல்லை. மழை பொய்த்த வருஷம் குடை கொடுத்தார்கள். கதவில்லாத குடிசைக்காரிக்கு ஒரு தடவை பூட்டு கொடுத்தார்கள். பொன்னுமாடன் ரெண்டு ஓட்டுவரைக்கும் பொறுத்துப் பார்த்தான். அப்புறம், "நீ தொகுதிக்கு வாக்கப்பட்டவ, எனக்கு ஒருத்தி வேணும்" என்று சொல்லிவிட்டு, கீழூரில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளைகளைப் பெற்றான். ராமுத்தாய் அவனைக் குறை சொன்னதில்லை. அரசாங்கத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னால் அந்தத் தொகுதியிலேயே முகம் மலர்கிறவள் அவள் ஒருத்திதான். அஞ்சு வருஷத்தில் ஏறவேண்டிய வயசு மூணு வருஷத்திலேயே ஏறிவிடும் அல்லவா.

எந்த வீட்டில் என்ன நடந்தது என்பது பிள்ளையின் உடம்பில் எழுதியிருந்தது. தொகுதியின் சரித்திரத்தை வேறு எங்கேயும் தேடவேண்டாம். மேடைப்பேச்சுக்காரர் ஒருத்தர் ஜெயித்து, தன் பேச்சு முழுவதையும் அதற்கு மனப்பாடம் பண்ணவைத்து, கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலியில் ஏற்றிப் பேசவைத்தார். ஜனம் கைதட்டிற்று. அடுத்து எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்துப் பிள்ளையை வாங்கிப் போனார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ வந்து எங்கே பேசு பார்ப்போம் என்றதும், பாவம், தெரிந்த பேச்சைப் பேசிவிட்டது. அன்றைக்கு அதன் நாக்கில் கரண்டியைக் காய்ச்சி வைத்தார்கள். அதற்கப்புறம் அது அளந்துதான் பேசும். மறியலுக்குக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினவர் வீட்டில் இடது கை முறிந்து கோணலாய் ஒட்டிற்று. லாரிக்காரர் வீட்டில் லாரிக்கடியில் படுத்து டயருக்குக் காவல் இருந்தது. வக்கீல் வீட்டில் முதுகில் தடம் இருந்தது, எதற்கென்று தெரியாது. ஆனைக்கரட்டில் எவனும் ரெண்டு தடவை ஜெயித்ததில்லை. ஜெயித்தவன் ஒண்ணும் செய்யாததால் தோற்றான் என்று சொல்வதற்குப் பதிலாக, பிள்ளை இருந்த வீடு விளங்காது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதைச் சொன்ன பிறகு பிள்ளைக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. மாட்டுக்கொட்டகையில் ஒரு சாக்கு.

ராமுத்தாய் பத்துத் தடவை தோற்றாள். பதினோராவது தடவை அவளுக்கு எழுபத்தாறு வயசு. அப்போது பெட்டி போய் மிஷின் வந்துவிட்டது. அவளுக்குக் கிடைத்த சின்னம் குழாய். மூணு வருஷமாகச் சொட்டுத் தண்ணி வராத ஊர்களில் கிழவி குழாய்ப் படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையாயிற்று. ரெண்டு பெரிய கட்சிக்காரர்கள் மேலேயும் ஆத்திரமாக இருந்த ஒவ்வொருத்தனும், மிஷின் முன்னால் நின்றபோது, நாம ஒருத்தர் விளையாட்டுக்குக் கிழவிக்குக் குத்தினா குடியா முழுகிரும், மத்தவன்தான் ஒழுங்காப் போடுவானே என்று நினைத்துக் குழாயில் குத்தினான். ஒருத்தனும் ஒழுங்காகப் போடவில்லை. சாயங்காலம் அதிகாரி ராமுத்தாய் பேரை வாசித்தபோது அந்தக் கூடத்தில் ஒரு கைதட்டல் இல்லை. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள்.

அவளுக்குக் காகிதத்தையும் பிள்ளையையும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயசுப் பெண். நாலு முழத் தூரத்தை அம்பத்து நாலு வருஷத்தில் கடந்து வந்த ராமுத்தாய் அதன் தலையில் கைவைத்தாள். பிள்ளை தலையைக் குனிந்து கொடுத்தது. அடி வாங்குகிறதற்குக் குனிகிற குனிவு அது. கரட்டுப்பட்டிக் குடிசைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்ததும், அது துணிமூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு, கிழவியை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"எத்தனை வருஷம்?"

"இனிமே எங்கேயும் போகவேண்டாம் தாயி. நான்தான் உன்னைப் பெத்தவ."

பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டது. லாரிக்காரர் பெண்சாதியும் முதல் நாள் அப்படித்தான் சொன்னாள். "விளக்குமாறு எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்க் கூட்ட ஆரம்பித்தது. ராமுத்தாய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு சீப்பு, ஒரு பாவாடை. கல்லு எங்கம்மா என்றாள். எந்தக் கல்லு என்றது பிள்ளை. கையில வச்சுக்கிட்டே பிறந்தியே என்றாள். யார் வீட்லயாவது கெடக்கும் எம்.எல்.ஏ. என்றது. அதற்கு எல்லாரும் எம்.எல்.ஏ.தான், வேறு முறை வைத்துக் கூப்பிட அதற்குத் தெரியாது.

உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால் ஆனைக்கரட்டில் ஜெயித்த பதிமூணு பேரில் ராமுத்தாய்தான் மகா மோசமான எம்.எல்.ஏ. சட்டசபைக்கு ஒரு நாள் போனாள், நாற்காலி மெத்தென்று இருந்தது என்று சொன்னாள், அப்புறம் போகவில்லை. மனுக்கொண்டு வருகிறவர்கள் குடிசை வாசலில் நிற்பார்கள். அவள் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணிக்கு என்ன வழி தாயி என்பார்கள். அந்தப் பக்கமாத் தள்ளி நில்லுங்க, பிள்ளைக்கு வெளிச்சம் மறைக்குது என்பாள். ஏரிக்காட்டுப்பட்டியில் கெட்ட தண்ணி குடித்து ஏழு பேர் வயிற்றுப்போக்கில் போனார்கள், அவள் எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளை பெரிய மனுஷி ஆனதும் போட என்று ஒரு அரக்குத் தாவணி எடுத்து, அன்றைக்கு அதற்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேலேயிருந்து ஒரு உத்தரவு வந்தது. எல்லையைத் திருத்தி எழுதுகிறார்களாம். ஆனைக்கரடு தொகுதியை மூணாக வெட்டி மூணு பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்களாம். இனி ஆனைக்கரட்டுக்கு ஓட்டே கிடையாது, ஆனைக்கரடே கிடையாது. ஊர் ஊராகக் கொடியைச் சுருட்டினார்கள். ராமுத்தாய் மட்டும் கிடாயை வெட்டிக் கறிச்சோறு பொங்கினாள். ஓட்டு இல்லாவிட்டால் ஜெயிக்கிறவன் இல்லை, ஜெயிக்கிறவன் இல்லாவிட்டால் பிள்ளையைக் கேட்டு வாசலில் வந்து நிற்க ஒருத்தனும் இல்லை. அன்றைக்கு அவள் பிள்ளைக்கு மூணு தடவை கறி வைத்தாள். பிள்ளை மூணு தடவையும் தின்றது.

பாராளுமன்ற ஓட்டு வந்தது, போயிற்று. வாசல்நிலையில் பிள்ளை உயரத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்திருந்தாள். பிள்ளையை நிறுத்திப் பார்த்தாள், தலை கோட்டிலேயே நின்றது. பஞ்சாயத்து ஓட்டு வந்தது, கோட்டிலேயே நின்றது. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ஆனைக்கரட்டு ஓட்டுக்கு வளர்கிற பிள்ளை அது, அந்த ஓட்டு இனி இல்லை. அரக்குத் தாவணி இனி மடித்த மடிப்பில்தான் இருக்கும். அவளுக்கு எம்பது வயசு, இடது கண் பஞ்சடைத்துவிட்டது, ஒரு படி ஏறினால் நெஞ்சு இழுக்கிறது. பிள்ளைக்கு இன்றைக்கும் பன்னிரண்டு, இன்னும் நூறு வருஷம் போனாலும் பன்னிரண்டு. எந்தப் பாதகர்களிடமிருந்து அதைப் பிடுங்கினாளோ அவர்களில் ஒருத்தனாவது வந்து கேட்கமாட்டானா என்று அவள் வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருத்தனும் வரவில்லை. பொன்னுமாடன் பிள்ளைகளிடம் போய்க் கேட்டாள், எனக்குப் பின்னால ஒரு வாய்க் கஞ்சி ஊத்துங்கப்பா என்று. வளராத பிள்ளைய வச்சு நாங்க என்ன செய்ய பெரியம்மா என்றார்கள். ஏரிக்காட்டுப்பட்டிக்குப் போனாள். அங்கே ஒருத்தி, ஏழு பேரில் ஒருத்தனைப் பறிகொடுத்தவள், படலைக்கூடத் திறக்காமல் சொன்னாள்:

"நீ எம்.எல்.ஏ.வா இருக்கையில எம்பிள்ளைய எட்டிப் பாத்தியா? இப்ப உம்பிள்ளைய நான் பாக்கணுமாக்கும்."

கலெக்டர் ஆபீசுக்கு மனுநாளில் போய் வரிசையில் நின்றாள். பக்கத்துத் தொகுதியில் எதிலாவது பிள்ளையைச் சேர்த்து எழுதுங்கள், அங்கே ஜெயிக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டாள். குமாஸ்தா பொறுமையாகத்தான் சொன்னார், பழைய தொகுதிச் சாமானெல்லாம் குடோனில் கிடக்கிறது, வேண்டுமானால் பழைய பெட்டிகளோடு இதையும் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்று. பிள்ளை உடனே மூட்டையை எடுத்துக்கொண்டு குடோன் எந்தப் பக்கம் என்று பார்த்தது. ராமுத்தாய் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஓட்டு வந்தது, பக்கத்துத் தொகுதிக்கு. டவுனுக்கு வெளியே ஒரு காலேஜில் எண்ணினார்கள். ராமுத்தாய் காலையிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, மூட்டையில் சீப்பையும் பாவாடையையும் வைத்து, அந்தத் தாவணியையும் வைத்துக் கட்டினாள். பஸ் ஏறிப் போனார்கள். அவள் இப்போது நிற்கிற ஆள் இல்லை, அதனால் உள்ளே விடவில்லை. கம்பு கட்டித் தடுத்திருந்த இடத்துக்கு வெளியே, வெயிலில், சாயங்காலம் வரை நின்றார்கள். வெடிச்சத்தம் கேட்டது. ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் மாலையோடு வெளியே வந்தார்.

"அந்தா மாலை போட்டுருக்காரே, அவருதான். போ."

பிள்ளை மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டது. பெற்றவளை நிமிர்ந்து பார்த்தது.

"எத்தனை வருஷம்?"

"அஞ்சுதான் தாயி," என்றாள் ராமுத்தாய். "அஞ்சே அஞ்சு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிற்று. ஜீப்புக்கு வலப்பக்கம், வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றது. பிச்சைக்காரி என்று நினைத்து ஒருத்தன் தள்ளிவிட்டான். மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. இன்னொருத்தன் கையை ஓங்கினான். குனிந்து கொடுத்தது. அதற்குள் ஜீப்பு நகர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடி, கடைசியில் கொட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போன வேனின் படியைப் பிடித்துத் தொற்றி ஏறிக்கொண்டது. ராமுத்தாய் நல்ல கண்ணைச் சுருக்கி வைத்துப் பார்த்தாள், ஒருதரம் திரும்பாதா என்று. பன்னிரண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினபோதும் அது திரும்பிப் பார்த்ததில்லை. பதிமூணாவது வீட்டுக்கு மட்டும் என்ன தனி வழக்கம்? புழுதி அடங்குவதற்குள் வேன் வளைவில் போய்விட்டது.

கரட்டுப்பட்டிக்காரன் ஒருத்தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து அவள் பக்கத்தில் காலை ஊன்றினான். பிந்தி வந்துவிட்டான், ஊருக்குப் போய்ச் சொல்லவேண்டும்.

"என்ன கெழவி, பிள்ளை யாருக்கு?"

"பேரு தெரியலையேப்பா," என்றாள் ராமுத்தாய். "கேட்டுக்கிடலையே."